இரு கால்களும் தரையில்

பழைய கார் வைத்திருப்போர்க்கு இரண்டு வகைத் துன்பம் உண்டு. ஒன்று, ஓடவேண்டிய நேரத்தில் வண்டி நின்றுவிடுவது. மற்றொன்று, நிற்கவேண்டிய நேரத்தில் அது ஓட முற்படுவது. முதல் துன்பத்திற்கு ஊரே கூடி வந்து தள்ளிவிடும். இரண்டாவதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார். நம் வீட்டில் ஐப்பசி தொடங்கி மாசி வரை நிகழ்ந்தது இந்த இரண்டாம் வகை. இதனை எழுதுவதற்கு ஒரு காரணம், பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் எவர்க்கேனும் பயன்படலாம் என்பது. இன்னொரு காரணமும் உண்டு. அதனை முதலிலேயே சொல்லும் துணிவு நமக்கில்லை, போகப்போகச் சொல்வோம்.

நம் கார் 2003ஆம் ஆண்டு தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் வாங்கியது. பெட்ரோலில் ஓடும் சிறிய வண்டி. பதினைந்து ஆண்டு நிறைந்தபோது 2018இல் ஒருமுறையும், 2023இல் மறுமுறையும் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். தந்தையார் இப்போது இல்லை. முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டிக்குள் அவருடைய நோட்டுப்புத்தகம் மட்டும் இருக்கிறது. பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், ஓடிய தொலைவு, ஆயில் மாற்றிய விவரம் எல்லாம் கணக்கரின் சாய்ந்த கையெழுத்தில். அவருக்குப் பின் அதில் ஒரு வரியும் நாம் எழுதியதில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்க்கு இத்தகைய எழுத்தில் நாட்டம் குறைவு போலும்.

வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலையை ‘வெற்றோட்டம்’ என்று ஒருமுறை பட்டறையில் சொல்லிப் பார்த்தோம். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். அங்கே அது ‘ஐடிலிங்’. அது மிகுந்துவிட்டால் ‘வண்டி ரேஸ் ஆகுது’. நாமும் அவ்வாறே வழங்குவோம். நன்கு சூடேறிய எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முதல் 900 சுற்று சுற்றவேண்டும். காலையில் முதன்முதல் இயக்கும்போது 1,500 வரை போவது இயல்பே. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எண்ணெயும் தடித்திருக்கும், ஆகவே சற்று மிகுதியான காற்றும் எரிபொருளும் பெற்று அது விரைந்து சுற்றுகிறது. சூடேறச் சூடேறத் தானே அடங்கிவிடும். நம் வண்டியில் அடங்கிய எஞ்சின் மீண்டும் எழுந்தது. எப்போதும் அன்று, எப்போதாவது. இந்த ‘எப்போதாவது’தான் நம்மை ஐந்து மாதம் அலைக்கழித்த சொல்.

*

கும்பகோணத்தில் நம் வீட்டிற்கும் மகளின் பள்ளிக்கும் நடுவே ஓர் இரயில்வே கேட் உண்டு. வாரநாள்களில் நாம் பேருந்தில் கல்லூரி செல்வோம். காரில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தம் அலுவலகம் செல்பவர் நம் துணைவியார். சனி ஞாயிறுகளில் வண்டி நம் கைக்கு வரும். பெரும்பாலும் பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர் வரை ஒரே ஓட்டம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் துணைவியார் சொன்னார்: “ஏங்க, கேட்ல நிக்கிறப்ப வண்டி தானா ரேஸ் ஆகுதுங்க.”

“ஆக்சிலேட்டர்ல கால் பட்டிருக்கும்.”

“காலே வைக்கலைங்க.”

அந்தச் சனிக்கிழமை தஞ்சாவூர் சென்று வந்தோம். எண்பது கிலோமீட்டரில் வண்டி ஒரு குறையும் காட்டவில்லை. அவரிடம் அதைச் சொன்னோம். அடுத்த வாரம் மீண்டும் அதே முறையீடு. மீண்டும் நாம் ஓட்டிப் பார்த்தோம். மீண்டும் ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினோம்.

கார்த்திகைக் கடைசியில் அது நடந்தது. கேட் திறந்து, வண்டிகள் நகரத் தொடங்கிய நேரம். துணைவியார் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டபோது எஞ்சின் உயர்ந்த சுற்றில் இருந்திருக்கிறது. வண்டி துள்ளி முன்னே பாய்ந்து, எதிரே சைக்கிளில் நின்ற பால்காரரின் கேனில் இடித்துவிட்டது. அவருக்கு அடியில்லை. பால் முழுவதும் சாலையில். பால் விலையும் கேன் விலையும் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, கைநடுங்க வீடு வந்து சேர்ந்தார். நாம் கேட்ட முதற் கேள்வி, “கிளட்சை மெதுவா விட்டிருக்கலாமே?” என்பது.

அவர் மறுமொழி சொல்லவில்லை. கார்ச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்தார். மறுநாள் முதல் ஆட்டோவில் போய்வந்தார்.

*

வண்டியை ஊரில் பெரிதென்று சொல்லத்தக்க ஒரு பணிமனையில் விட்டோம். அவர்கள் குறையைக் கண்ணால் காணவில்லை. ஆயினும் மருந்து கொடுத்தார்கள். ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியின் கரி நீக்கம். ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வு புதிது. இவற்றிற்குமேல், ஐடிலிங் திருகைச் சற்றே குறைத்தும் வைத்தார்கள். மொத்தம் 7,400 ரூபாய். ஒரு வாரம் அமைதி. பிறகு காலையில் எஞ்சின் எடுத்தவுடன் அணையத் தொடங்கிற்று. அடங்க மறுத்த எஞ்சின் இப்போது நிற்கவும் மறுத்தது, ஓடவும் மறுத்தது.

மீண்டும் சென்றபோது அங்கிருந்தவர் கேட்டார்: “சார், இது மேடம் ஓட்டும்போது மட்டும்தானே வருது?” கேட்டுவிட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். தொடக்கத்தில் சொல்லத் தயங்கிய காரணம் அந்தச் சிரிப்புதான். அது இன்றும் நம் காதில் இருக்கிறது.

மார்கழியில் ஒரு மழைநாள். ஆட்டோ வரவில்லை, நமக்குக் கல்லூரி விடுமுறை. மகளை நாமே காரில் அழைத்துச் சென்றோம். கேட் மூடியிருந்தது. தந்தையாரிடம் கற்ற வழக்கப்படி எஞ்சினை அணைக்கக் கைபோயிற்று. பின்னிருக்கையிலிருந்து மகள் சொன்னாள்: “அப்பா, ஆஃப் பண்ணாதீங்க. கண்ணாடியெல்லாம் மங்கிடும். அம்மா ஏசிய போட்டே வச்சிருப்பாங்க.” சரியென்று விட்டுவிட்டோம். ஒரு வண்டி போயிற்று, கேட் திறக்கவில்லை, எதிர்த்திசை வண்டிக்காகக் காத்திருந்தோம். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். எஞ்சின் மெல்ல உறுமத் தொடங்கிற்று. பிறகு பெருகிற்று. பிறகு ஒருவரும் மிதிக்காமலே முழக்கமாயிற்று. நாம் குனிந்து பார்த்தோம். நம் இரு கால்களும் தரையில் இருந்தன.

“இதான்ப்பா அம்மா சொன்னது” என்றாள் மகள்.

பானட்டைத் திறக்க நாம் இறங்குவதற்குள் ஓசை தாழ்ந்து, எஞ்சின் ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

*

அறிந்தவர் ஒருவர் சொல்லி, ஊரின் எல்லையில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் மாசியில் வண்டியைக் கொண்டுபோனோம். நடந்ததையெல்லாம் நல்ல தமிழில் எடுத்துரைத்தோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வண்டிய அதிகமா யாரு சார் ஓட்டுறது?” என்றார். சொன்னோம். “அப்ப அம்மாவ வரச் சொல்லுங்க. அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றார்.

மாலையில் துணைவியார் வந்தார். வண்டிக்குள்ளிருந்து தந்தையாரின் நோட்டுப்புத்தகத்தை எடுத்து நீட்டினார். தந்தையாரின் கடைசி வரிக்குப்பின் ஒரு பக்கம் விட்டு அவருடைய கையெழுத்து. நாள், நேரம், இடம், மழையா வெயிலா, நின்ற நிமிடம், ஏசி உண்டா இல்லையா. இருபத்து மூன்று பதிவுகள். நாம் நம்பாத நாளிலிருந்தே எழுதி வந்திருக்கிறார். நமக்குத் தெரியாது.

முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். “ஓடும்போது ஒருதடவ கூட வரலியாம்மா?” “இல்லண்ணே.” “எடுத்த ஒடனே?” “இல்லண்ணே. சூடானதுக்கு அப்புறம், அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னாத்தான்.” “ஏசி இல்லாமயும் வந்திருக்கு, இங்க எழுதியிருக்கீங்க.” “ஆமாண்ணே, நாலு தடவ.” அவர் நம் பக்கம் திரும்பி, “பாதி வேலைய அம்மாவே முடிச்சிட்டாங்க சார்” என்றார்.

இந்த ஊரில் தமிழ் படித்த எவரும் ஒரு பெயரை நினையாமல் இருக்க இயலாது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததும் இங்கே பணியாற்றிய காலத்தில்தான். பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி உழைத்தவர். ஓர் ஏட்டில் மட்டும் ஒரு பாடம் வேறாக இருப்பின் அதனைப் பிழையென்று தள்ளிவிடுதல் பதிப்பாசிரியர்க்கு அழகன்று. எங்கே, எந்தச் சூழலில் அது வேறுபடுகிறது என்று குறித்துவைத்தல் வேண்டும். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். வீட்டில் ஒரே ஒரு சான்று மட்டும் திரும்பத்திரும்ப ஒன்றைச் சொன்னபோது, நம்மிடமுள்ள ‘ஏட்டில்’ அது காணப்படவில்லை என்பதால் தள்ளிவிட்டோம். நம் ஏடு தஞ்சாவூர்ச் சாலையில் மட்டும் எழுதப்பட்டது என்பது தோன்றவில்லை. நின்றால் எஞ்சினை அணைத்துவிடும் நம் சிக்கன வழக்கம், பழுது தலைகாட்டும் தருணத்தை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டிருக்கிறது.

*

முதியவரின் அடுத்த கேள்வி, “கூலண்ட் பாத்தீங்களா சார்?” என்பது. பார்த்தோம், வாரந்தோறும் பார்க்கிறோம், வெள்ளை டப்பாவில் மேற்கோட்டைத் தொட்டு நிற்கிறது என்று பெருமையுடன் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, “ஹீட்டரப் போடுங்க” என்றார்.

நமக்கு விளங்கவில்லை. மாசி வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் காரின் ஹீட்டரை இயக்கியவர் எத்தனை பேர்? இருபதாண்டுக்கும் மேலாக நீல முனையிலேயே கிடந்த அந்தக் குமிழ் முதன்முறையாகச் சிவப்பு முனைக்குத் திரும்பிற்று; திரும்புகையில் கிறீச்சிட்டது. காற்று வந்தது. சூடான எஞ்சினிலிருந்து வெப்பக்காற்று வந்திருக்க வேண்டும், வந்தது வெறுங்காற்று. முதியவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்; சற்றுநேரத்தில் அனல் வந்தது. காலை எடுத்தார், மீண்டும் வெறுங்காற்று. “உள்ள தண்ணி இல்ல சார். காத்து நிக்குது” என்றார்.

எஞ்சின் ஆறும்வரை ஒரு மணி நேரத்திற்குமேல் காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கழுத்துவரை இருக்கவேண்டிய கூலண்ட் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்து டப்பாவோ நிறைந்திருந்தது.

இது எவ்வாறு என்பதை அவர் சொன்னபடியே விளக்க முயல்கிறோம். ரேடியேட்டர் மூடி நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டைப் போன்றது. உள்ளே அழுத்தத்தைக் காத்துவைக்கிறது. நம் வண்டியின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. வெளிக்காற்றைவிட அத்தனை பார் அழுத்தம் மிகும்வரை மூடி விட்டுக்கொடாது. அந்த அழுத்தத்தில் தூய நீர்கூட 118 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். எஞ்சின் சூடேறும்போது கூலண்ட் விரிந்து, மிகுந்த பகுதி மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறு ரப்பர்க் குழாய்வழியே டப்பாவிற்குப் போகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, போன கூலண்ட் அதே வழியே திரும்பும். நம் வண்டியில் மூடியின் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. அந்தச் சிறு குழாய் கிளிப்பின் அடியில் வெடித்திருந்தது. ஆகவே ஆறும்போது எஞ்சின் கூலண்டை உறிஞ்சாமல் வெடிப்பின்வழியே காற்றை உறிஞ்சிற்று. நாள்தோறும் சிறிது கூலண்ட் வெளியே. சிறிது காற்று உள்ளே. நாம் வாரந்தோறும் பார்த்து மகிழ்ந்த நிறைந்த டப்பா, திரும்பிப் போகமுடியாத கூலண்டின் புகலிடம்.

இனி இதற்கும் ரேஸ் ஆவதற்கும் உள்ள தொடர்பு. இக்காலத்து வண்டிகளில் ஐடிலிங்கைக் கணினி மின்சாரத்தால் ஆள்கிறது. பழைய வண்டிகள் சிலவற்றில், நம்முடையதிலும், த்ராட்டில் பாடிக்குள் ஒரு சிறு மெழுகுக் குப்பி உண்டு. அதனைச் சுற்றிச் சூடான கூலண்ட் ஓடும். மெழுகு குளிர்ந்திருந்தால் சுருங்கிக் காற்றுவழியைத் திறக்கும். எஞ்சின் விரைந்து சுற்றும். சூடேறினால் விரிந்து வழியை அடைக்கும், எஞ்சின் அடங்கும். கூலண்ட் குறைந்த வண்டியில், ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றி இருக்கும் கூலண்டை எல்லா இடத்திற்கும் தள்ளிவிடுகிறது. நிற்கும்போது பம்ப் தளர்கிறது, மெழுகு இருக்குமிடத்தில் காற்று தங்குகிறது, மெழுகு ஆறுகிறது, எஞ்சின் இன்னும் காலைக் குளிரில் இருப்பதாக எண்ணி வழி திறக்கிறது, ஓசை எழுகிறது. எழுந்தவுடன் பம்ப் விரைகிறது, கூலண்ட் வருகிறது, மெழுகு விரிகிறது, ஓசை அடங்குகிறது. பழுது தானே தனக்குத் தற்காலிக மருந்தாகிவிடுகிறது. நாம் பானட்டைத் திறப்பதற்குள் அது அடங்கியதன் காரணம் இதுவே. மழைநாளிலும் மார்கழிக் காலையிலும் பதிவுகள் மிகுந்திருந்ததும் இதனாலேயே.

இதைவிடக் கவலைக்குரிய ஒன்றையும் அவர் சொன்னார். கூலண்ட் இல்லாத இடத்தில் வெப்பமானி சரியாகக் காட்டாது. உணரி காற்றில் நிற்கும். முள் நடுவிலேயே இருக்கும். எஞ்சின் தலைப்பகுதி வளைந்து கேஸ்கட் போனபிறகே தெரியவரும். “கோடைக்கு முன்னாடி வந்தீங்க. அந்தச் சத்தம் வந்ததே நல்லது சார்” என்றார். நாம் அடக்க முயன்ற ஓசை ஓர் எச்சரிக்கை. திருகைக் குறைத்தவர்கள் எச்சரித்தவரின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். இந்த வாக்கியம் வண்டிக்கு மட்டும் உரியதன்று என்பதை எழுதும்போதே உணர்கிறோம்.

*

மருத்துவம் எளிது. புதிய மூடி, இரண்டடி ரப்பர்க் குழாய், இரண்டு கிளிப், காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதி கலந்த கூலண்ட் ஒன்றேகால் லிட்டர். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கும்படி வைத்து, ஹீட்டரைத் திறந்து, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு மெல்ல ஊற்றினார். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஐந்து மாதத்துக் காற்று. குமிழி நின்று, விசிறி ஒருமுறை சுற்றி நின்றபின் கழுத்துவரை நிரப்பி மூடினார். குறைத்து வைத்த ஐடிலிங் திருகை, ஒரு கருவியை மாட்டிப் பார்த்து 850க்குக் கொண்டுவந்தார். அவர் கூலியும் சேர்த்து 1,450 ரூபாய்.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றும் ஆறியிருக்கையில் நாமே மூடியைத் திறந்து பார்த்தோம். கழுத்துவரை இருந்தது. டப்பாவில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. போனது திரும்புகிறது என்பதற்கு அதுவே சான்று.

இத்தகைய வண்டி வைத்திருப்போர்க்கு நாம் கற்றதைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் தானே ரேஸ் ஆனால் முதலில் எதையும் வாங்காதீர்கள். எப்போது ஆகிறது என்று எழுதுங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்காமல் திரும்புகிறதா என்று பாருங்கள். காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்றுக் கசிந்தாலும் இதே குறை வரும். எஞ்சின் முற்றும் ஆறியபின், டப்பாவைப் பார்த்து அமையாமல் ரேடியேட்டரின் கழுத்தையே திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறவாதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். வால்வு, உணரி முதலியவற்றைச் சோதித்து மாற்றுவதெல்லாம் இவற்றிற்குப் பிறகு.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தின் பகுதிகளை நான்காக எண்ணுகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். நான்கில் முதலாவதாக நிற்பவர் நோயுற்றவர் என்பதை இந்த மாசியில்தான் கவனித்தோம். நாமும் அந்தப் பணிமனையும் மூன்றாவதிலிருந்து தொடங்கியிருந்தோம்.

பட்டறையிலிருந்து திரும்பும்போது வண்டியை யார் ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது. சாவியை நாம் நீட்டினோம். “நான் சொன்னத நீ நம்பலன்னு நெனச்சிருப்ப. நெசமாவே நம்பல. தப்பு எம்மேலதான்” என்றோம். இத்தனை ஆண்டு மேடைத்தமிழ் பேசியவர்க்கு இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார். வழியில் கேட் மூடியிருந்தது. எஞ்சினை அவர் அணைக்கவில்லை. நாமும் அணைக்கச் சொல்லவில்லை. இரண்டு வண்டி போகும்வரை மூவரும் எஞ்சினின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு நோட்டுப்புத்தகத்தில் ஒரு பதிவு சேர்ந்திருந்தது: “கேட். 11 நிமிடம். ஏசி உண்டு. ஒன்றும் இல்லை.” அதன் கீழே, மூடியும் குழாயும் மாற்றிய நாளையும் ஓடிய தொலைவையும் நாம் எழுதிவைத்தோம்.